எடையில் சேராத வளையங்கள்

ராணுவத்தில் எங்கள் பிரிவுக்கு மளிகைக்கடை என்று பெயர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பெட்ரோல், லாரி இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற அதிகாரிகள் நாங்கள். துப்பாக்கி பிடிக்கிற பிரிவுக்காரர்கள் மெஸ்ஸில் இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் எங்களைப் பார்த்து, "கடலைப்பருப்பு இன்றைக்கு என்ன விலை?" என்று கேட்பார்கள். லெஃப்டினன்டாக இருந்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். மேஜரானபோது சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். பிரிகேடியராகி டெல்லிக்கு வந்த பிறகு, கேட்டவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவனே நெளிந்து வேறு பேச்சுக்குப் போய்விடுவான். எனக்கு முன்கோபி என்று பெயர் வந்தது அப்போதுதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் முன்கோபம் வந்த வேகத்தில் போய்விடும். இங்கே எழுதப்போகிற கோபம் போகவில்லை. ஓய்வு பெற்று, தலை நரைத்து, சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த வயதிலும் அப்படியே இருக்கிறது. அதுவும் எதற்கு என்கிறீர்கள்? குக்கர் மூடியில் போடுகிற ரப்பர் வளையத்துக்கு. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தலைமையகத்தில் எனக்குக் கொடுத்த வேலை, வடக்கே மலைமேல் இருக்கிற எல்லைப் போஸ்டுகளுக்குக் குளிர்காலச் சரக்கு ஏற்றுவது. அங்கே போக ஒரே சாலைதான். அது ஒரு கணவாயைத் தாண்டிப் போகிறது. கார்த்திகை வாக்கில் பனி விழுந்து கணவாய் மூடினால் சித்திரை கழிந்துதான் திறக்கும். அத்தனை மாதமும் மேலே இருப்பவர்கள் சாப்பிடவும் எரிக்கவும் உடுத்தவும் வேண்டியதெல்லாம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மறந்தது மறந்ததுதான். ஹெலிகாப்டர் உண்டு. அது நோயாளிகளுக்கும் தபாலுக்கும் சுற்றிப் பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்குமே போதாது.

என் மேலதிகாரி ஒரு ஜெனரல். டாங்கிப் படையிலிருந்து வந்தவர். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. இத்தனை டன் போக வேண்டும், இத்தனை டன் போயிருக்கிறது, இவ்வளவுதான் அதில் எழுதியிருக்கும். இலக்கை எட்டினால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. திங்கட்கிழமை தோறும் அந்தப் பலகைக்கு முன்னால் எங்களை உட்கார வைத்துக் கூட்டம் நடத்துவார். அரிசி எத்தனை டன், மண்ணெண்ணெய் எத்தனை டன், சிமென்ட் எத்தனை டன். பேச்சு முழுக்க டன்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதும்போதே எனக்கு எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மரியாதையாகப் பேசுவார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார், கையெழுத்துப் போடும்போது நன்றி சொல்வார்.

அந்த வருடம் ஆகஸ்டில் மலைமேல் ஒரு தமிழ்ப் பட்டாளத்தைப் பார்க்கப் போனேன். அதன் கமாண்டர் ஒரு பஞ்சாபி கர்னல். பட்டாளத்தின் வழக்கப்படி தமிழ் கற்றுக்கொண்டவர். ஆளும் ஆஜானுபாகு, சிரிப்பும் பெரிது. பதுங்குகுழியைக் காட்டினார், வரைபடத்தைக் காட்டினார், அதிகாரிகள் மெஸ்ஸில் சூடான ரொட்டியும் டப்பா கோழியும் போட்டார். ஜவான்கள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்றேன். "பிறகு பார்க்கலாமே சார்" என்றார். இப்போதே என்றேன். அதற்குள் யாரோ டெலிபோனுக்குக் கூப்பிட அவர் அந்தப் பக்கம் போனார். நான் தனியாகச் சமையல் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

உள்ளே சட்டைக் கையில் பதவிக்கான இரண்டு பட்டை வைத்த ஒரு நாயக் அடுப்பைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் தலைமைச் சமையல்காரர். என் காலரில் இருந்த, பெரிய அதிகாரிகளுக்கான சிவப்புத் துணியைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றார். நின்றபடியே, உதடு அதிகம் அசையாமல், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனிடம் தமிழில் சொன்னார்:

"வந்துட்டான்டா டெல்லிலேர்ந்து இன்னொருத்தன். எட்டி நின்னு மோந்து பாத்துட்டு, பஹுத் அச்சான்னு சொல்லிட்டுப் போவான் பாரு."

"அச்சா சொல்றதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துடறேன். தட்டுல போடுங்க" என்றேன்.

வெங்காயக்காரன் முக்காலியோடு சரிந்தான். நாயக் சரியவில்லை. ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தார். சோறும் பருப்பும் போட்டார். சோறு வெளியே குழைந்து உள்ளே பச்சையாக இருந்தது. கடித்தால் நறுக்கென்றது. நான் மென்று முழுங்குகிற வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஐயா, வாய் தவறி பேசிட்டேன், மன்னிச்சிருங்க. ஆனா பேசினது பொய்யில்ல" என்றார். "இந்த ஒசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிருதுங்க, சூடு மட்டும் ஏறமாட்டேங்குது. எத்தன நேரம் போட்டாலும் இந்த லட்சணந்தான். குக்கர்ல வெச்சாத்தான் வேகும். குக்கர் எல்லாம் இருக்கு. வளையந்தான் இல்ல."

ஒரு பழைய வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். குளிரில் விறைத்துப்போன ரப்பர். லேசாக வளைத்தேன், முறுக்கு மாதிரி ஒடிந்தது. வளையம் இல்லாததால் அவர் கோதுமை மாவைப் பிசைந்து மூடியின் ஓரத்தில் அப்பி, மேலே கல்லை ஏற்றி வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். பாதி நாள் அது தாங்கும், மீதி நாள் பிய்த்துக்கொண்டு ஆவி முகத்தில் அடிக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து சிவந்திருந்தது. அதை அவர் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.

"புது வளையம் கேக்கலியா?"

"கேட்டோம்யா. பழசக் குடுத்தாத்தான் புதுசுன்னாங்க. ஒடஞ்ச துண்டெல்லாம் பொறுக்கி அனுப்பினோம். அது முழுசா இல்ல, அளவு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பசங்க வயித்தப் புடிச்சுக்கிட்டே சென்ட்ரிக்குப் போறானுங்கய்யா. எவனுக்குச் சொல்றது?"

கணவாய் மூடுவதற்குள் வளையம் வந்து சேரும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவர் சலாம் வைத்தார். நம்பின முகமாகத் தெரியவில்லை. வெளியே வந்ததும் கர்னலிடம், இதை ஏன் மேலே எழுதவில்லை என்று கேட்டேன். அவர் தன் தமிழில், "சார், நம்ம பட்டாளம் கம்ப்ளெய்ண்ட் பண்ணாது சார். எல்லாம் டீக் ஹை சொல்லும். பேர் கெட்டுப் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

ராணுவத்தில் ஜவான்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். அரிசி சாப்பிடுகிறவர்கள், ஆட்டா என்கிற கோதுமை மாவு சாப்பிடுகிறவர்கள். அரிசிப் பட்டாளத்துக்கு வாரத்தில் ஓரிரு வேளைக்குத்தான் ஆட்டா. மற்ற வேளையெல்லாம் சோறு. ஆக, வளையம் இல்லையென்றால் அந்த மனிதர்களுக்குக் குளிர்காலம் முழுவதும் வேகாத அரிசிதான். இதைப் புரிந்துகொள்ள ராணுவக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. சமையலறை வாசலை ஒரு தடவை தாண்டியிருந்தால் போதும்.

டெல்லிக்குத் திரும்பி வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி நம்பவே இல்லை. அவள் திருநெல்வேலிக்காரி. டெல்லியில் இத்தனை வருடம் இருந்தும் தாமிரபரணித் தமிழை விடாதவள்.

"ஒரு கேஸ்கட்டுக்கா இந்தப் பாடு? சரோஜினி நகர்ல தட்டுல கொட்டி வச்சு கூவிக் கூவி விக்கான். நாளைக்குப் போயி ஒரு பை நெறைய வாங்கியாரேன், கொண்டு போயி குடுங்க."

"அது பெரிய குக்கர். இந்த அளவு சேராது."

"அப்பம் பெரிய அளவு செய்யச் சொல்லுங்க. இதுல என்ன ராணுவ ரகசியம் இருக்கு?"

ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை. துறைகள் இருந்தன. அரிசி எங்கள் துறை. பாத்திரம் வேறு துறை. பாத்திரத் துறைக்குப் போனேன். குக்கர் எங்களுடையது, மறுக்கவில்லை, ஆனால் வளையம் உதிரிப் பாகம் என்றார்கள். உதிரிப் பாகம் தேய்ந்துபோனதா, உடைக்கப்பட்டதா என்று மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டுமாம். அந்த மூன்று பேரும் மலைக்குப் போய் உட்காருவதற்குள் பனி விழுந்துவிடும் என்றேன். அப்படியானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் அந்த அதிகாரி. டீ வரவழைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

கடைசி வழியாக, டெல்லியிலேயே செய்து வாங்க அனுமதி கேட்டு நிதிப் பகுதிக்கு எழுதினேன். ராணுவத்தில் எல்லோரும் சபிக்கிற இடம் அது. அங்கே இருந்த செக்‌ஷன் ஆபீசர் கும்பகோணத்துக்காரர், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான் எழுதினதைப் படித்தார். "குக்கர் விசில் அடிக்கலேன்னா ஆத்துல என்ன ரகளை நடக்கும்னு நேக்குத் தெரியாதா சார்? மத்தியானம் ஆள அனுப்புங்கோ" என்றார். சொன்னபடி மத்தியானம் கையெழுத்தாகி வந்தது. என் உத்தியோக வாழ்க்கையில் நிதிப் பகுதியை நான் வாழ்த்தியது அந்த ஒரு தடவைதான்.

வளையங்கள் ஒரு பட்டறையில் தயாராயின. எல்லாம் சேர்த்து இரண்டு சாக்குகூட நிரம்பவில்லை. ரயிலேறி, கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற கிடங்குக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தச் செய்தி வந்த அன்று நான் ஆபீசில் எல்லோரிடமும் கேலி பேசிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரமே மலையில் மண் சரிந்தது. சாலை பல நாள் அடைபட்டது. திறந்தபோது பலகை முழுக்கச் சிவப்பு. ஜெனரல் உத்தரவு போட்டார்: இனி கனமான சரக்குதான் முதலில். அரிசி, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், சிமென்ட். டன் ஏறுகிறதா, அதை ஏற்று. மற்றதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு பொருளுக்கும் முன்னுரிமை எண் கொடுத்தார்கள். எண் இல்லாதது லாரியில் ஏறக் கூடாது. லாரிகள் இரவு பகலாக ஓடின, சிவப்பு மளமளவென்று பச்சையாகிக்கொண்டு வந்தது. என் வளையங்களுக்கு எண் இல்லை. இரண்டு சாக்கு ரப்பர் பலகையில் ஒரு கோட்டைக்கூட நகர்த்தாதே.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். தனி லாரி வேண்டாம், டிரைவர் காலடியில் போட்டு அனுப்பினால் போதும், ஒரு எண் மட்டும் கொடுங்கள் என்றேன்.

ஜெனரல் புன்னகையோடு கேட்டார். "பிரிகேடியர், சாலை இருக்கிற நிலைமையில் நான் ரப்பர் வளையல் அனுப்ப வேண்டும் என்கிறீர்களா?"

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்கள், வீட்டில் சமையல்காரன் வைத்திருப்பவர்கள். அரிசி எப்படி வேகிறது என்று பார்த்த ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

"உங்கள் மதராஸிப் பையன்கள் ஒரு குளிர்காலம் ரொட்டி சாப்பிடட்டுமே. உடம்புக்கும் நல்லது" என்றார் ஒருவர்.

"ஆட்டா அவர்களுக்கு அந்த அளவுக்கு ஏற்றவில்லை. ஏற்றியது அரிசி. வளையம் இல்லாமல் அந்த அரிசி வேகாது. வேகாத அரிசியை எத்தனை டன் ஏற்றினாலும் அது சரளைக்கல்தான். பலகையில் பச்சை பூசிக்கொள்ளலாம், தின்ன முடியாது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

ஜெனரல் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொந்த ஊர்க்காரர்கள் மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாப் பட்டாளமும் ஒன்றுதான். அடுத்தது என்ன?" என்றார்.

பாசமாம். என் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கேட்டேனா? அந்தப் பட்டாளத்தில் எனக்கு மாமனா மச்சானா? ஒரு பஞ்சாபி அதிகாரி, ஆட்டா புழுத்திருக்கிறது என்று சொன்னால் அது நிர்வாகத் திறமை. தமிழன், அரிசி வேகவில்லை என்று சொன்னால் பிராந்திய உணர்ச்சி. கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்தச் சீருடையைப் போட்டேன். எழுபத்தொன்று யுத்தத்தில் கிழக்கே ஆற்றுப் பாலங்கள் உடைந்து கிடந்தபோது யார் பட்டாளம் என்று கேட்டா பெட்ரோல் கொண்டு போனேன்? அன்று அந்த அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கடி இன்றைக்கும் தாடையில் வலிக்கிறது.

கூட்டம் முடிந்ததும் கிடங்கு அதிகாரிக்குப் போன் போட்டேன். என் பிரிவு ஆள்தான், கர்னல். சாக்கை ஒரு டிரைவர் காலடியில் போட்டு அனுப்பு, பின்னால் வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "சார், முன்னுரிமை எண்?" என்றான். மறுபடி சொன்னேன். "சார், வழியில் செக்போஸ்டில் இறக்கிவிட்டால் என் தலை போகும்" என்றான். அதன் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் நாளைக்கு அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

மறுநாள் பனி விழுந்தது. வழக்கமாக விழுவதற்கு வெகு முன்னாலேயே. கணவாய் மூடிவிட்டது.

அப்புறமும் நான் விடவில்லை. ஹெலிகாப்டரில் அனுப்பலாம் என்று ஜெனரலிடம் போய் நின்றேன். "பட்டாளத்திலிருந்து ஒரே ஒரு புகார் வரட்டும். அன்றைக்கே அனுப்புகிறேன்" என்றார். உண்மையாகவே அனுப்பியிருப்பார், அந்த நியாயம் அவருக்கு உண்டு. உடனே மேலே செய்தி அனுப்பினேன், சமையலில் சிரமம் இருக்கிறதா, ஆம் என்று மட்டும் பதில் போடுங்கள் என்று. சாயங்காலம் பதில் வந்தது. எல்லாம் நலம், மனஉறுதி உயர்வு. மறுபடி கேட்டேன். எல்லாம் நலம். குளிர்காலம் முழுக்க அந்தப் பஞ்சாபி கர்னல் எனக்கு அனுப்பியது இந்த இரண்டு வார்த்தைதான். பட்டாளத்தின் பெயரைக் காப்பாற்றினார் மகராஜன்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த ஒரு நாள் என் மனைவி வழியை மறித்தாள்.

"நீங்க திங்காம கெடந்தா அங்கன சோறு வெந்துருமா? யார் மேல இருக்க கோவத்த எங்க வந்து காட்டுதீங்க? உக்காந்து சாப்பிடுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கோடையில் கணவாய் திறந்தது. ஜெனரல் அறைப் பலகையில் கடைசிக் கோடு வரைக்கும் பச்சை. மண் சரிந்த வருடத்திலும் இலக்கைத் தாண்டி ஏற்றியிருக்கிறோம் என்று எல்லோருக்கும் கை குலுக்கினார். "அரிசிப் பட்டாளங்களிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற பார்வைகூட இல்லை அது. பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே என்று ஆறுதல் சொல்கிற பார்வை.

கொஞ்ச நாளில் அந்தப் பஞ்சாபி கர்னல் மாற்றலாகிக் கீழே வந்தார். டெல்லி வழியாகப் போகிறேன், மரியாதைக்குப் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி சாம்பார், பொரியல், அப்பளம் என்று செய்திருந்தாள். கர்னல் சோற்றைக் கையால் பிசைந்து ரசித்துச் சாப்பிட்டார். நாயக் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அந்த குக்கா? பட்டையை உரிச்சிட்டேன் சார்" என்றார்.

ஜனவரியில் சரக்கு சரிபார்த்தபோது ஆட்டா குறைந்திருந்ததாம். விசாரித்தபோது நாயக் ஒளிக்கவில்லை. குக்கர் மூடியில் அப்பினேன் என்று நேராகச் சொல்லியிருக்கிறார். சாப்பிட வைத்த ரேஷனை வேறு காரியத்துக்கு எடுத்தது குற்றம். விதியில் அப்படித்தான் இருக்கிறது, என் பிரிவு எழுதிய விதிதான் அது. கர்னல் அவரை நிறுத்தி விசாரித்து, பட்டையைப் பிடுங்கிச் சாதாரண சிப்பாயாக இறக்கிவிட்டார்.

"வாய் ரொம்ப ஜாஸ்தி சார் அவனுக்கு. அதுக்கப்புறம் எல்லாம் டீக் ஆயிடுச்சு. ஒருத்தனும் மூச்சு விடலை."

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு நின்றாள். "அதுக்கப்புறம் சோத்த எப்படி வேக வச்சாங்க?"

கர்னல் யோசித்தார். அவர் அதை யோசிப்பது அதுதான் முதல் தடவை என்று முகத்திலேயே தெரிந்தது. "எப்படியோ பண்ணாங்க, பாபிஜி" என்றார்.

அவள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மோருக்குச் சோறு வரும் என்று கர்னல் காத்திருந்தார். பாத்திரம் திரும்பி வரவில்லை. விருந்தாளியை அப்படி விட்டதற்காக நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டையைத் திருப்பி வாங்கிக் கொடுக்க நான் ஏறாத படி இல்லை. எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார், விசாரணை முறைப்படி நடந்தது, தண்டனை அளவு மீறவில்லை. எதை ரத்து செய்வது? ஆட்டாவை அப்பியது உண்மைதானே?

அடுத்த வருடச் சரக்குக்கு நான் வளையம் கேட்கவில்லை; கிடங்கில் இருந்த இரண்டு சாக்கும் இன்னும் எண் இல்லாமல்தான் கிடந்தன. புது குக்கர் கேட்டேன். கனமான பெரிய குக்கர்கள், ஒவ்வொன்றும் மரப்பெட்டியில், உள்ளே உபரியாக வளையங்கள் வைத்து. ஒரு வளையத்துக்கு எண் கொடுக்காத அதே மேஜையில், பழைய குக்கர்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே, புது குக்கர்களுக்கு ஒரு கேள்வி இல்லாமல் அனுமதி கிடைத்தது. எடை இருந்ததல்லவா, பலகையில் ஏறியது. "இப்போதுதான் நீங்கள் பெரிய அளவில் யோசிக்கிறீர்கள்" என்று ஜெனரல் என் தோளைத் தட்டினார். அந்தக் குளிர்காலத்தில் மேலே மருத்துவரிடம் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அதை மேலிடத்தில் யாரோ கவனித்துப் பாராட்டினார்கள். எனக்கு மேஜர் ஜெனரல் பதவி உயர்வு வந்தது. மளிகைக்கடைக்காரனுக்கு அதற்கு மேல் ஆசைப்பட அதிகம் ஒன்றும் கிடையாது.

புதுச் சின்னத்தைத் தோளில் குத்திவிட்டது ஜெனரல்தான். குக்கர் யோசனை அருமை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அது என் யோசனை இல்லை சார், மலைமேல் ஒரு சமையல்காரர் எனக்குக் காட்டியது, என்றேன். "அப்படியா?" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "அவனுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டுமே. பெயரைக் கொடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன்." அங்கேயே பெயரையும் எண்ணையும் அவர் உதவியாளரிடம் சொன்னேன். அந்தச் சில நாள் எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே இல்லை.

பிறகு அந்த உதவியாளர் போனில் கூப்பிட்டார். மிகவும் பணிவாகப் பேசினார். அந்த ஜவானின் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு தண்டனை இருக்கிறது சார், தண்டனை இருக்கிறவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க விதியில் இடமில்லை, ஜெனரல் சாஹிப் ரொம்ப வருத்தப்பட்டார் என்றார். என்ன தண்டனை என்று கேட்டேன், எனக்குத் தெரியாத மாதிரி. தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஆட்டாவை வீணடித்திருக்கிறார் சார்" என்றார். "தவிர, ஆள் இப்போது சர்வீஸிலும் இல்லை. போன மாதமே பணிக்காலம் முடிந்து, சிப்பாயாகவே ஊருக்குப் போய்விட்டார்."